அப்பாவுக்காகச் சிவாலயம் ஓடலாமா?

"மாமா, அப்பாக்க பேருல நாங்க எல்லாருமா சாலயம் ஓடலாம்னு இருக்கோம். செய்யலாம்லா?"

பெங்களூரிலிருந்து வந்த மறுநாள், மார்த்தாண்டத்தில் ஒரு சாயாக் கடையில் வைத்து என் அக்கா மகன் கேட்டான். அத்தானுக்கு ஆண்டு திதி கழிந்துவிட்டது. கால் ஓயும்வரை மாசி தவறாமல் சிவாலயம் ஓடிய மனிதர் அவர். அவர் போன வழியில் அக்கா, மகன், மருமகள், மகள், பத்து வயதுப் பேரன் என்று ஐந்து பேரும் சேர்ந்து ஒருமுறை நடந்துவிட வேண்டும் என்பது இவன் ஆசை. சரி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு உள்ளிவடையைப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள் மூன்று நான்கு கேள்விகள் கிடந்தன. இறந்தவருக்காக இந்த ஓட்டத்தை ஓடலாமா? குடும்பமாக ஓட முடியுமா? ஓட முடியாவிட்டால் நடந்தால் கணக்கில் சேருமா? இன்னொரு சாயா சொல்லிவிட்டு அவனிடம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு வீடுகளிலும் ஆட்கள் இருப்பார்கள்.

வெளியூர்க்காரர்களுக்காக ஓட்டத்தைப் பற்றி முதலில். மகாசிவராத்திரிக்கு முந்தின நாள் மாலையில், புதுக்கடைக்குப் பக்கத்தில் முன்சிறை திருமலை மகாதேவர் கோயிலில் தொடங்குவது. அங்கிருந்து திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு. கடைசியாக, சிவராத்திரி இரவில் திருநட்டாலம். பன்னிரண்டு சிவன் கோயில்கள், ஏறக்குறைய 110 கிலோமீட்டர். அத்தனையும் பழைய கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களுக்கு உள்ளேதான். திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி கணக்கிலும் இருந்த மண் என்பதால் கோயில்களில் தாந்திரிக முறைப் பூஜை. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஓடுகிறவர்களுக்குச் சட்டையே கிடையாது என்பதால் அந்தச் சிரமமும் இல்லை.

மாலை போட்டு, மீனை விலக்கி, சில நாள் விரதம் இருந்து ஓடுவார்கள். இடுப்பில் காவி அல்லது மஞ்சள் வேட்டி, கையில் பனையோலை விசிறி. விசிறியில் சின்னத் துணிப்பை இரண்டு கட்டியிருக்கும். ஒன்றில் திருநீறு, இன்னொன்றில் காசு. ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு சாமி கும்பிட்டு, விசிறியால் சாமிக்கு வீசிவிட்டு அடுத்த கோயிலுக்குக் கிளம்பவேண்டும். செருப்பு கிடையாது. வழியெல்லாம் போடுகிற சத்தம், சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் போடுவது என்று நம்பவே முடியாத ஒன்று: கோவிந்தா, கோபாலா!

பெங்களூரில் வளர்ந்த பேரன் இதைத்தான் முதலில் கேட்பான் என்று நினைக்கிறேன். சிவனைப் பார்க்கப் போகிறவன் எதற்குப் பெருமாளைக் கூப்பிடுகிறான்? இதற்கு எங்கள் பக்கம் இரண்டு கதை உண்டு.

ஒன்று சுண்டோதரன் கதை. முன்சிறை திருமலையில் தவம் இருந்து, யாரை நோக்கி விரல் நீட்டினாலும் அவர் எரிந்து சாம்பலாகவேண்டும் என்று வரம் வாங்கிய அசுரன். வாங்கின வரத்தை வரம் கொடுத்தவரிடமே சோதித்துப் பார்க்க நினைத்தான். சிவன் "கோவிந்தா, கோபாலா" என்று மைத்துனனைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். ஒளிந்து நின்ற இடங்கள் கோயில்கள் ஆயின. கடைசியில் நட்டாலத்தில் விஷ்ணு மோகினியாக வந்து ஆடி, ஆட்டத்தில் மயங்கிய அசுரனை அவன் விரலாலேயே முடித்தார். பஸ்மாசுரன் கதையின் எங்கள் ஊர்ப் பதிப்பு. ஓடிக் களைத்தவர் சிவன் என்பதால்தான் கையில் விசிறி.

இன்னொன்று பீமன் கதை. தர்மரின் யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும். பாதி மனிதன், பாதி விலங்கு. சிவனைத் தவிர வேறு பேரைக் காதில் கேட்கப் பொறுக்காத கடும் சைவப் பிறவி அது. பீமன் போகும்போது கிருஷ்ணன் பன்னிரண்டு ருத்திராட்சம் கொடுத்து அனுப்புகிறான். அருகே போய் பீமன் "கோவிந்தா, கோபாலா" என்று கத்த, அது துரத்துகிறது. பிடிபடப் போகிற நேரத்தில் ஒரு ருத்திராட்சத்தைப் போடுகிறான். விழுந்த இடத்தில் சிவலிங்கம். லிங்கத்தைக் கண்டால் புருஷாமிருகத்தால் தாண்டிப்போக முடியாது. குளித்து, பூஜை முடித்துத்தான் மேற்கொண்டு துரத்தும். அதற்குள் பீமன் கொஞ்ச தூரம் போய்விடுவான். இப்படியே பன்னிரண்டு இடம்.

கதையின் கடைசிப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. எல்லையில் பீமனுடைய ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே இருக்கும்போது புருஷாமிருகம் பிடித்துக்கொள்கிறது. வழக்கு தர்மரிடம் வருகிறது. தம்பி என்று பாராமல், எல்லைக்குள் கிடக்கிற பாதி உடம்பு அதற்கே சொந்தம் என்று தீர்ப்புச் சொல்கிறார் தர்மர். அந்த நியாயத்தைப் பார்த்துப் புருஷாமிருகமே தணிந்து, பாலும் கொடுத்தது என்கிறார்கள்.

இந்தக் கதையை வைத்து யோசித்தால், ஓடுகிறவன் இரண்டு வேஷமும் கட்டுகிறான். வாயில் கோவிந்தா சொல்லி ஓடும்போது அவன் பீமன். கோயிலுக்குக் கோயில் முங்கி எழுந்து ஈரத்தோடு கும்பிடும்போது அவனே புருஷாமிருகம். பதினோரு கோயிலில் திருநீறு கிடைக்கும். கடைசியில் நட்டாலத்தில் சந்தனம். நட்டாலத்தில் மகாதேவரும், பாதி சிவன் பாதி விஷ்ணுவான சங்கரநாராயணரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். கதை எங்கே போய் முடிய வேண்டுமோ அங்கேதான் வழியும் முடிகிறது.

இந்தக் கதைகளில் எங்காவது இறந்துபோன அப்பா வருகிறாரா? இல்லை. அதைத்தான் நான் மருமகனிடம் முதலில் சொன்னேன். சிவாலய ஓட்டம் உயிரோடு இருப்பவன் நேர்ந்துகொண்டு ஓடுவது. கோயிலில் அர்ச்சனை சீட்டு வாங்கும்போது பேரும் நட்சத்திரமும் கேட்பார்களே, அது உயிரோடு இருப்பவரின் பேர். இறந்தவர் பேருக்கு அர்ச்சனை செய்கிற வழக்கம் நமக்கு இல்லை. இறந்தவருக்கு உள்ளது வேறு: எள், தண்ணீர், பிண்டம். அதற்கு இடமும் வேறு, நாளும் வேறு. அதனால்தான் சாவுத் தீட்டான புலை கழியாமல் கோயிலுக்குப் போகக்கூடாது என்று வைத்தார்கள். புலை எத்தனை நாள் என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆண்டு திதி முடியாமல் நேர்ச்சை, விரதம் எதுவும் வேண்டாம் என்று பல வீடுகளில் விட்டுவிடுவார்கள். அக்கா வீட்டில் அந்த ஆண்டு முடிந்துவிட்டது. அதனால் ஓடத் தடை இல்லை. ஆனால் ஓட்டத்தின் பலன் அப்பா கணக்கில் போய்ச் சேருமா என்று கேட்டால், சேர்க்க ஒரு சடங்கு கிடையாது என்பதுதான் நேரான பதில்.

அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. கொஞ்சம் பொறு என்று சொல்லி ஆற்றைப் பற்றிப் பேசினேன்.

இந்த ஊரில் இறந்தவர்களுக்கான நாள் ஆடி அமாவாசை, வாவுபலி. மார்த்தாண்டமும் குழித்துறையும் ஒரே நகராட்சிதான். குழித்துறையில் தாமிரபரணிக் கரையில் விடியற்காலையிலேயே கூட்டம் நிறைந்துவிடும். இலையில் பச்சரிசி, எள், தர்ப்பை. பலி போட்டுவிட்டு ஆற்றில் முங்கி எழுவார்கள். அதையொட்டி நகராட்சி நடத்துகிற வாவுபலிப் பொருட்காட்சி வேறு. காலையில் தகப்பனுக்குப் பிண்டம் வைத்தவர் சாயங்காலம் மரக்கன்றும் வீட்டுச் சாமானும் வாங்கிக்கொண்டு, பிள்ளைக்கு ராட்டினத்துக்குச் சீட்டும் எடுத்துக்கொடுப்பார். இதில் யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். துக்கத்துக்குத் தனிச் சுவர் கட்டாத ஊர்.

இந்தத் தாமிரபரணி திருநெல்வேலித் தாமிரபரணி அல்ல. பேர் மட்டும்தான் ஒன்று. இது மேற்கே போகிற ஆறு. கோதையாறும் பறளியாறும் சேர்ந்து உண்டாகி, குழித்துறை வழியாகப் போய்த் தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுகிறது. இப்போது சிவாலய வழியை இந்த ஆற்றோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது கோயிலான திக்குறிச்சி இதே ஆற்றின் கரையில், குழித்துறைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. மூன்றாவது கோயிலான திற்பரப்பு இன்னும் மேலே, கோதையாறு அருவியாக விழுகிற இடத்தில். பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிந்த பிறகு ஆற்றின் அளவு அணையின் கையில் போய்விட்டது. மாசியில் அருவி பெரும்பாலும் அடங்கித்தான் விழும். ஆடியில் அப்பாவுக்குப் பலி போட்ட ஆற்றில், மாசியில் மேல்நோக்கி நடந்து இரண்டு இடத்தில் முங்கி எழுகிறாய். அப்பாவுக்காக ஓடுவதாக நீ தனியே சங்கல்பம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. திக்குறிச்சிப் படித்துறையில் அத்தான் எத்தனை ராத்திரி முங்கியிருப்பார்! அதே படியில் நீ இறங்குகிறாய். சடங்கு தராததை வழி தருகிறது என்றுதான் நான் புரிந்துவைத்திருக்கிறேன். சாஸ்திரம் படித்தவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வேறு நாடுகளில் இதற்குத் தெளிவாகவே வழி வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் ஷிகோகு என்ற தீவைச் சுற்றி 88 கோயில்கள், சுமார் 1,200 கிலோமீட்டர். கூகாய் என்ற 9-ஆம் நூற்றாண்டுத் துறவியின் பேரில் நடக்கிற யாத்திரை. அங்கே பெற்றோரை, கணவனை, மனைவியை இழந்தவர்கள் அவர்கள் நினைவாக நடப்பது சாதாரண வழக்கம். உடுப்பது வெள்ளை, பிணத்துக்கு உடுத்துகிற அதே வெள்ளை. வழியில் செத்துப்போனால் கையில் உள்ள கோலே கல்லறைக்கு நட்டுவைக்கிற கோல். ஒவ்வொரு கோயிலிலும் ஒரு புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொள்வார்கள். அந்தப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்து, கடைசியில் சவப்பெட்டியில் வைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. வழியோரத்து வீட்டுக்காரர்கள் நடப்பவர்களுக்குச் சாப்பாடும் பழமும் சில்லறைக் காசும் கொடுப்பார்கள். அதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. நம்ம வழியில் சுக்கு வெந்நீரும் மோரும் கஞ்சியும் கொடுக்கிறார்களே, அதே கை.

ஸ்பெயினில் சந்தியாகோ யாத்திரை. நடந்து முடித்தவருக்கு அங்கே கதீட்ரல் சார்பில் சான்றிதழ் கொடுக்கிறார்கள். குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்திருக்கவேண்டும். இறந்துபோன ஒருவருக்காகவோ, நடக்க முடியாத ஒருவருக்காகவோ நடந்தேன் என்று சொன்னால் அவர் பேரையும் சான்றிதழில் எழுதித் தருவார்கள். நம்ம ஓட்டமும் 110 கிலோமீட்டர்தானே என்றான் மருமகன். ஆமாம், அவர்கள் கணக்குப்படி நமக்குச் சான்றிதழ் உண்டு. ஆனால் சந்தியாகோவில் நூறு கிலோமீட்டரை நாலைந்து நாளில் நிதானமாக நடக்கிறார்கள். இங்கே ஒரு ராத்திரி, ஒரு பகல், இன்னொரு ராத்திரியில் கொஞ்சம்.

அந்தக் கணக்கை அவன் போனிலேயே போடச் சொன்னேன். மணிக்கு 4 கிலோமீட்டர் நடந்தால் 110 கிலோமீட்டருக்கு 27 மணி நேரத்துக்கு மேல். இது வெறும் நடை. ஒரு கோயிலில் குளித்து, வரிசையில் நின்று, கும்பிட்டு வெளியே வர அரைமணி என்று வைத்தால் பன்னிரண்டுக்கு 6 மணி நேரம். மாலை 5 மணிக்கு முன்சிறையில் கிளம்பினால் மறுநாள் நள்ளிரவு தாண்டித்தான் நட்டாலம், அதுவும் நடுவே ஒரு நிமிடம் உட்காராமல். பத்து வயதுப் பேரனின் காலுக்கு மணிக்கு 3 கிலோமீட்டர் போதும் என்று வைத்தால் நடை மட்டும் 37 மணி நேரம். சிவராத்திரி முடிந்து மறுநாள் காலையும் தாண்டிவிடும். அதனால்தான் ஓடுகிறார்கள். இளவட்டங்கள் விழுந்தடித்து ஓடுவதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவிதத் தொத்தல் ஓட்டம். மணிக்கு 6 கிலோமீட்டர் வீதம் போனால், கோயில் நேரமும் சேர்த்து ஒரு நாளில் முடிந்துவிடும். அத்தான் ஓடியது அந்த ஓட்டம்.

ராத்திரி ஓடுவது சுகம். மார்த்தாண்டம் வழியாகத் திக்குறிச்சி; அங்கிருந்து ஞாறான்விளை, சிதறால், அருமனை, களியல் வழியாகத் திற்பரப்பு. சிதறால் மலையில் சமணர் படுக்கையும் சிற்பங்களும் இருக்கின்றன. ராத்திரியில் எதுவும் தெரியாது, மலை இருட்டாக நிற்பது மட்டும் தெரியும். குலசேகரம் தாண்டித் திருநந்திக்கரை. ரப்பர் காட்டுக் குளிரும் இருட்டும் ஆட்களின் கோவிந்தாவும் காலுக்கு ஒரு தைரியம் கொடுக்கும். திருநந்திக்கரையில் பாறையைக் குடைந்த குகைக் கோயில் ஒன்றும் உண்டு. உள்ளே பழைய ஓவியத்தின் மிச்சம். ராஜராஜ சோழனின் பிறந்த நட்சத்திரமான ஐப்பசிச் சதயத்துக்கு விழா எடுக்க முட்டம் என்ற ஊரைக் கொடுத்த கல்வெட்டு இந்த ஊரில்தான் கிடைத்தது. தஞ்சாவூர்க்காரர்கள் சதய விழாவை இன்று கொண்டாடுவதற்கு நம்ம மலையோரத்துக் கல்லும் ஒரு சாட்சி. ஓட்டத்தில் இதையெல்லாம் பார்க்க நேரமிருக்காது. வேறு ஒரு நாள் பேரனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு.

பகல்தான் பாடு. பொன்மனை தாண்டினால் வெயில் ஏறத் தொடங்கும். சித்திரங்கோடு, குமாரபுரம், முட்டைக்காடு என்று பன்னிப்பாகம் போகும்போது தார் ரோடு சுடும். முன்பு ஒற்றையடிப் பாதையும் வயல்வரப்புமாக இருந்த இடங்களில் இன்று தார்தான். வெறுங்காலுக்கு அது வேறு கணக்கு. கல்குளத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில் நீலகண்டசுவாமி கோயில். அங்கிருந்து மேலாங்கோடு பக்கம்தான். அதற்குப் பிறகு வில்லுக்குறி வழியாகத் திருவிடைக்கோடு. அடுத்து, பீர்முகம்மது அப்பாவின் தர்கா இருக்கிற தக்கலையைத் தாண்டித் திருவிதாங்கோடு. திருவிதாங்கூருக்குப் பேர் கொடுத்த ஊர். கோழிப்போர்விளை, பள்ளியாடி, திருப்பன்றிக்கோடு. நட்டாலம். 1712-இல் தேவசகாயம் பிள்ளை பிறந்த ஊரும் இதே நட்டாலம்தான்; 2022-இல் அவரைப் புனிதர் என்று வத்திக்கான் அறிவித்தது. இந்தத் தாலுகாக்களில் எந்த வழியில் நடந்தாலும் எல்லாருடைய சாமியும் எதிரே வந்துவிடும்.

ஈர வேட்டியில் தொடை உரசிப் புண்ணாகும். தேங்காய் எண்ணெயை முன்கூட்டியே தேய்த்துக்கொள்ள வேண்டும். புண்ணான பிறகு தேய்த்துப் பயனில்லை. வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போகாமல் இடையில் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் குடிக்கவேண்டும். அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. அவள் விரதம் இருந்து ராத்திரி முழுக்க நடக்கிறேன் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "அப்பா இருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பாரு" என்றான். அத்தான் இருந்திருந்தால் அக்காவைக் காரில் அனுப்பியிருப்பார். எனக்குத் தெரியும்.

முன்பு இது ஆண்கள் ஓட்டம். இப்போது பெண்களும் பிள்ளைகளும் காரிலும் வேனிலும் பைக்கிலும் பன்னிரண்டு கோயிலுக்கும் போகிறார்கள். வண்டியில் போவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. முட்டு தேய்ந்த கிழவிக்கு ஒரே நாளில் பன்னிரண்டு சிவனையும் பார்க்க வேறு வழி இல்லை. என் கோபம் ஹாரன் அடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் மேலேயே பைக்கை விடுகிற பையன்கள் மேல்தான். சைலன்சரைக் கழற்றிவிட்டுக் கோவிந்தா சொல்வதில் என்ன பக்தியோ!

அதனால் மருமகனுக்கு நான் சொன்ன ஏற்பாடு இது. சிவராத்திரி அன்று ஓடுவது நீ மட்டும். அத்தானோடு ஓடிய கூட்டாளிகளில் இரண்டு பேராவது இன்னும் ஓடுகிறார்கள், அவர்களோடு போ. தனியாக ஓடாதே. முதல் வருஷம் பன்னிரண்டும் முடியாமல் போனாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. கால் சொல்வதைக் கேள். முன்சிறையில் எல்லாரும் சேர்ந்து கும்பிட்டுவிட்டு உன்னை அனுப்பட்டும். அம்மையும் பெண்களும் பையனும் காரில் போய் நடுவில் ஒன்றிரண்டு கோயிலில் உன்னைப் பார்க்கட்டும். திருப்பன்றிக்கோட்டில் எல்லாரும் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து நட்டாலம் வரை உள்ள வழி குறைவு. அதைக் குடும்பமாக நடந்துவிடலாம். பேரன் சந்தோஷமாக வருவான். அக்கா மெதுவாக வருவாள். நீ ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருப்பாய், அதனால் உன் வேகமும் அவள் வேகமும் சரியாக இருக்கும். நட்டாலத்தில் ராத்திரி தூங்காமல் இருந்து சந்தனம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

"அப்போ அம்மை மிச்ச வழிய நடக்கவே வேண்டாமா?" என்று கேட்டான். நடக்கட்டும். ஆனால் சிவராத்திரிக்கு வேண்டாம். கோயில்கள் வருஷம் முழுக்கத் திறந்துதான் இருக்கின்றன. ஷிகோகுவிலும் 88 கோயிலையும் ஒரே மூச்சில் முடிப்பவர்கள் மட்டும் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் விடுமுறைக்கு விடுமுறை கொஞ்சம் கொஞ்சமாக, விட்ட இடத்திலிருந்து தொடங்கி, வருஷக்கணக்கில் முடிப்பார்கள். அதுவும் கணக்கில் சேரும். நீ பெங்களூரிலிருந்து வரும்போதெல்லாம் அம்மையோடு ஒரு கோயிலிலிருந்து அடுத்த கோயிலுக்கு விடியற்காலையில் நடந்து போ. செருப்புப் போட்டுக்கொள்; வாசலில் கழற்றினால் போதும். நடை சாத்துகிற நேரத்தை மட்டும் முதல் நாளே கேட்டுவைத்துக்கொள். எந்தக் கோயில் குளத்தில் அத்தான் கால் வழுக்கி விழுந்தார், எந்த வீட்டில் வருஷா வருஷம் அவருக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அவர் வீட்டுக்கு வந்து அவளிடம்தானே சொல்லியிருப்பார். ஓட்டத்தில் இதைச் சொல்ல அவளுக்கு மூச்சும் இருக்காது, கேட்க உனக்கு நேரமும் இருக்காது.

இனி அப்பா பேரில் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால், அதற்கும் இந்த வழியில் ஒரு இடம் இருக்கிறது. அது கோயிலுக்குள் இல்லை, ரோட்டோரத்தில். இறந்தவர் பேருக்கு அர்ச்சனை இல்லை என்றேன். ஆனால் இறந்தவர் பேரில் தண்ணீர் கொடுக்க யாரும் தடை சொல்ல மாட்டார்கள். வெயிலில் வருகிறவர்களுக்கு மோரோ பானகமோ கொடுக்க ஒரு பந்தல் போடு. ராத்திரி வழியில் கொடுக்க நிறையப் பேர் நிற்பார்கள். ஓடுகிறவர்களுக்கும் அப்போது தாகம் குறைவு. தொண்டை வறள்வது இரண்டாம் நாள் மத்தியானம்தான். அதனால் தக்கலைக்கும் பள்ளியாடிக்கும் நடுவில், நிழல் இல்லாத ஒரு வளைவாகப் பார்த்துப் போடு. நீ ஓடிக்கொண்டிருப்பாய், உன் தங்கச்சி பார்த்துக்கொள்வாள். பிளாஸ்டிக் தம்ளர் வேண்டாம். எவர்சில்வர் தம்ளர் ஐம்பது வாங்கு, கழுவ இரண்டு பேரை நிறுத்து. பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர் வை, காலில் ஊற்றிக்கொள்ளக் கேட்பார்கள். அத்தான் படத்தைப் பெரிதாகப் போட்டு ஃப்ளெக்ஸ் அடிக்காதே, அவருக்கு அது பிடிக்காது. மோரைத் தண்ணீராக்கிவிடாதே. இஞ்சி, கறிவேப்பிலை, நாரத்தை இலை கசக்கிப் போடு. உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும்.